கிலோவுக்கு நூறு

தேவகோட்டை ராம்நகரில் என் காயலான் கடை.
இரும்பு, பித்தளை, பழைய பேப்பர், பீர் பாட்டில்.
தராசு ஒன்றே ஒன்று:
சதுரத் தட்டு, சிவப்பு எண்கள்.
மூன்று வருஷமாக, வெயில் தாழ்ந்தால்
சூட்கேஸ்களும் வருகின்றன.

திருச்சியில் ராத்திரி விமானம் பிடிக்கிறவர்கள்.
சிக்கன டிக்கெட். கையில் ஏழு கிலோ,
லேப்டாப்பும் அதற்குள்ளேயே அடக்கம்.
ஒரு சீப்பு கூடினாலும்
கவுன்ட்டர்ப் பெண்ணின் சிரிப்பு போய்விடுமாம்.
“அண்ணே, கொஞ்சம் போட்டுப் பாருங்க.”
போட்டுப் பார்த்தேன். பிறகு
பெட்டிக்குப் பத்து ரூபாய் என்று
அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன்.

ஒருவன் கவுனி அரிசியை
பேன்ட் பாக்கெட் இரண்டிலும் கொட்டிக்கொண்டு
தெருமுனை வரை நடந்து பார்த்தான்,
கோயில் யானை மாதிரி.
ஒரு புதுப்பெண், அக்கினி நட்சத்திரத்தில்,
சுடிதார்மேல் சுடிதார்மேல் சுடிதார்.
ஷாம்பு யாருடையது என்று
இருநூறு கிராமுக்குச் சண்டை போட்ட தம்பதி
கடைசியில் காலிப் பெட்டியை நிறுத்தார்கள்:
பெட்டியே இரண்டரை கிலோ.
அதை என்னிடமே விலைக்குப் போட்டுவிட்டு
ஜவுளிக்கடைப் பையோடு பஸ் ஏறினார்கள்.
பிளாஸ்டிக் கிலோ பன்னிரண்டு.
எடை போட்டுத்தான் வாங்கினேன்.

உமையாள் வந்தது ஒரு வியாழக்கிழமை.
கோலாலம்பூரில் கணக்கு எழுதுகிற வேலை.
ஆறு தொள்ளாயிரம் என்றது தராசு.
வெளியே எடுத்து வைத்திருந்த சீப்புச் சீடையைச்
சேர்த்துத்தான் அந்த எடை என்று தெரிந்ததும்
பொட்டலத்தை ஒரு தட்டுத் தட்டி
உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தாள்.
எனக்கும் சந்தோஷமாக இருந்தது.
பத்து ரூபாய் வேண்டாம் என்றேன்.

ராத்திரி ஒன்பதரைக்குப் போன்.
பின்னால் மூன்று பாஷையில் அறிவிப்பு.
“ஏழு அறுநூத்தம்பதுக்கு மேலங்கிறான்.
மூவாயிரத்துச் சொச்சம் கார்டுல தேச்சுட்டேன்.
சீடை விலை நூத்தியெண்பது.
உங்க தராசு என்ன தராசு?”

வாயில் வந்ததெல்லாம் “கரண்ட் ஏத்தயிறக்கம்மா” என்பதுதான்.
அவள் கணக்கு எழுதுகிறவள்.
ஒரு நிமிஷம் பேசவில்லை.
பிறகு “சரியா பத்துல ஒண்ணு” என்றாள்,
கேள்வியாக இல்லை. வைத்துவிட்டாள்.

கிலோவுக்கு நூறு கிராம்.
தராசு வாங்கிய வாரமே
மதுரையிலிருந்து ஆள் வந்து தள்ளி வைத்தது.
தகரம் கொண்டுவருகிறவன் எவனும்
என் கடையில் நிறுத்ததை
ஏர்போர்ட்டில் போய்
மறுபடி நிறுத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் அட்டையில் ஒரு வரி சேர்த்தேன்:
‘பெட்டிக்கு மட்டும் – ஒன்பது கிலோவுக்கு
ஒரு கிலோ கூட்டிக்கொள்ளவும்.’

பதினோரு மணிக்குப் பஞ்சவர்ணம் வந்தாள்,
தள்ளுவண்டி நிறைய அட்டை.
மிக்சி வந்தது, டி.வி. வந்தது, செருப்பு வந்தது,
எல்லாம் மடித்துக் கயிறு கட்டி.
தட்டில் ஏற்றினேன். பதினெட்டு.
அவள் எண்ணைப் பார்க்கவில்லை.
தொங்குகிற அட்டையை
எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.
படித்து முடித்து, கயிற்றுக் கட்டைக்
காலால் ஒரு தட்டுத் தட்டி,
“இதுவும் பெட்டிதான” என்றாள்.

இருபதுக்குக் கொடுத்தேன்.
இரண்டு தரம் எண்ணினாள்.
ஆறு வருஷத்துக்கும் கூட்டச் சொல்வாளோ என்று
நான் கல்லாவை மூடாமலே நின்றேன்.
சொல்லவில்லை. வண்டியைத் திருப்பும்போது
சக்கரம் கிறீச்சிட்டது, எண்ணெய் கேட்டாள்,
கொடுத்தேன். டப்பாவோடு கொண்டுபோனாள்.

சாயங்காலம் ஒரு பையன். நீலப் பெட்டி.
சிவப்பில் ஆறு முந்நூறு.
“எழுநூறு கிராம் வைக்கலாமாண்ணே?”
“ஏழு இருக்கு தம்பி. இதுக்கு மேல ஒண்ணும் வைக்காத.”
எண்ணைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
பத்து ரூபாயைத் தட்டிலேயே வைத்துவிட்டு
பெட்டியை உருட்டிக்கொண்டு
எதிர்த்த அரிசிக் கடைக்குப் போனான்,
சரியாக நிறுத்துப் பார்க்க.